கிரகணத்தன்று மாவு இல்லை

"கிரகணமாம், அதுக்காக மாவு அரைக்கலையாம்! ரெண்டாயிரமாவது வருசமே பொறந்தாச்சு, அண்ணாச்சி இன்னும் ராகு கேதுக்குப் பயந்துகினு கீறாரு!"

கீழ் வீட்டு ஜெயவேல் சொன்னதும், காலிப் பாத்திரங்களோடு மாடிப்படியில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

திருவொற்றியூரில் அந்த மூன்று மாடிக் கட்டடத்துக்கே இட்லி மாவு உச்சிமாகாளி அண்ணாச்சி வீட்டிலிருந்துதான். குடியிருப்பது மேல் மாடியில். முன்னறையில் பெரிய கிரைண்டர், தினமும் சாயங்காலம் ஓடும். ஞாயிறு சாயங்காலம் வியாபாரம் ஓஹோ என்று இருக்கும். அன்றைக்குப் பார்த்து நிறுத்திவிட்டார்.

"நாளைக்குப் பசங்களுக்கு இன்னா கட்டிக் குடுக்கறது அண்ணாச்சி?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னைக்குக் கிரகணம்லா" என்றார், தலையைச் சொறிந்தபடி.

நின்று வாதாட ஜெயவேலுக்கு நேரமில்லை. டெலஸ்கோப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினான்.

அதை வாங்கியது ஒரு தனிக் கூத்து. துறைமுகத்துக் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவனுக்கு நிலாவைப் படம் பிடிக்கும் பைத்தியம் எப்படி வந்ததோ! கப்பலில் கழித்த சாமான் விற்கும் தமீம் பாய் கடையில் இரண்டு டெலஸ்கோப் இருந்தன. ஒன்று நீளமானது, இரும்பு ஸ்டாண்டு. மற்றது சின்னது, அலுமினியக் கால்.

"போட்டோ புடிக்கணும்னா பெருசை எடு நைனா. கல்லு மாதிரி நிக்கும்" என்றார் பாய்.

"டிவிஎஸ் 50-ல ஏறாது பாய். மூணு மாடி தூக்கணும். அம்மாந் துட்டும் இல்ல."

"அப்ப சின்னதை எடு. ஸ்டாண்டு ஆடுதுன்னு அப்பால என்னாண்ட வந்து நிக்காத."

மிக்சிக்குச் சேர்த்து வைத்ததை மனைவி வேம்பு எடுத்துக் கொடுத்தாள். கல்யாண வீடுகளில் படம் எடுக்கும் ரஹீம், தன் பழைய பிலிம் கேமராவைக் கொடுத்தான். எல்லாம் கூடி வந்தும் படம்தான் வரவில்லை. ரோல் ரோலாக நிலா இரட்டை இரட்டையாக விழுந்தது. ஸ்டாண்டுக்கு நடுவே தண்ணீர்க் கேனைக் கட்டித் தொங்கவிட்டும் பார்த்தான். அப்போதும் அதே கதைதான்.

போன வாரம் படியில் பார்த்த அண்ணாச்சியிடம்கூடப் புலம்பியிருந்தான்.

"கம்மி வெலைக்கு வாங்குனேன்ல, ஸ்டாண்டு சரியில்ல அண்ணாச்சி. நெலா டான்ஸ் ஆடுது. கிரகணத்துல நெலா மங்கலா இருக்கும், ஷட்டரை ரொம்ப நேரம் தொறந்து வைக்கணும். துளி ஆடினாலும் பேஜாரு. இம்மா நீட்டு கிரகணம் நம்ம ஆயுசுல இன்னொண்ணு கெடையாது."

"அப்படியா தம்பி" என்று கேட்டுக்கொண்டு, உளுந்து மூட்டையோடு அவர் மேலே போய்விட்டார்.

கிரகணத்தன்று கடலுக்கு மேலே நிலா செங்கல் நிறத்தில் எழுந்தது. மேகமும் மனசு வைத்து விலகியது. ஜெயவேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரோல் முழுவதையும் தீர்த்தான்.

பிரிண்ட் கைக்கு வந்தபோது ஸ்டுடியோவிலேயே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு துளி ஆட்டம் இல்லை. அத்தனை பேரும் கை கொடுத்திராவிட்டால் இது உண்டா என்று நெஞ்சு நிறைந்துபோனது. தமீம் பாய்க்கு ஒன்று, ரஹீமுக்கு ஒன்று என்று தேடிப் போய்க் கொடுத்துக் கும்பிட்டான். வேம்புவுக்காக ஒன்றைப் பெரிதாகப் போட்டு பிரேமும் மாட்டினான்.

அதை வீட்டுக்குக் கொண்டுபோகும் வழியில் அண்ணாச்சியைச் சீண்டிப் பார்க்க ஆசை வந்தது. மேல் மாடிக்கு ஏறினான்.

"பாருங்க அண்ணாச்சி, இந்த நெலாவுக்கா பயந்து கிரைண்டரை நிறுத்துனீங்க?"

அண்ணாச்சி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி சிவந்தி வந்தாள்.

"பயமா? இவுகளுக்கா? போன வருசம் சூரிய கிரகணத்தன்னைக்கு வழக்கத்தவிட கூடுதலால்லா அரைச்சாக!"

"அப்பால இன்னாத்துக்கு அன்னிக்கு நிறுத்துனாரு?"

"நீ சும்மா இரு" என்று அண்ணாச்சி அவளை அடக்கப் பார்த்தார். அவள் கேட்கிற ஆளில்லை. போய் கிரைண்டர் சுவிட்சைத் தட்டினாள்.

தரை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுவென்று ஆடின.

"இதுக்கு நேர் மேலதான தம்பி உங்க ஸ்டாண்டு நிக்கி?" என்றாள் சிவந்தி.

ஜெயவேல் ஆடும் டம்ளர்களையும் கையிலிருந்த படத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி" என்றான் கடைசியில்.

"சொன்னா, 'வேணாம், யாவாரத்தப் பாருங்க'ன்னு சொல்லியிருப்பிய. அதான் பழிய கிரகணத்து மேல போட்டுட்டேன்."

பிரேம் போட்ட அந்தப் படம் ஜெயவேல் வீட்டுக்குப் போகவேயில்லை. வேம்புவே, "அங்கியே இருக்கட்டும்யா" என்று சொல்லிவிட்டாள். அண்ணாச்சி வீட்டில், கிரைண்டருக்கு மேலே சுவரில் தொங்குகிறது. தினமும் சாயங்காலம் அந்த நிலா லேசாக ஆடும்.