மடுவின் மூச்சு

ஏர்வாடிக் கடலில் ஆழமான மடு ஒன்று உண்டு. மாதமொரு முறை கடலாராய்ச்சி அதிகாரிக்காக அதில் கயிறு கட்டிய புட்டியை இறக்கி, அடித்தண்ணீர் எடுப்பவன் மதார். அதிகாரி அதில் மருந்து விடுவார். தண்ணீரில் காற்று இருந்தால் பழுப்பாகும், இல்லாவிட்டால் வெள்ளை. ஆறு வருஷமாக வெள்ளைதான்.

அதற்கும் முன்பு, அவன் அக்கா புருஷன் சீனிக்கனி சங்கு குளிக்க அங்கே இறங்கினார். குளிப்பவர் கயிற்றை மச்சினன்தான் பிடிப்பது வழக்கம். கயிறு இரண்டு முறை சுண்டினால் தூக்க வேண்டும். மதார் காத்திருந்தான். கயிறு சுண்டவில்லை, மச்சானும் வரவில்லை.

அறுபத்து நான்காம் வருஷப் புயலுக்கு மறுமாதம், புட்டி இறங்கியதும் கயிறு இரண்டு முறை சுண்டியது. மதார் மூச்சுப் பிடித்து இழுத்தான். பாதி வழிவரை ஓர் ஆள் கனம் இருந்தது. பிறகு லேசாகிவிட்டது. புட்டி மட்டும் வந்தது. தண்ணீர் பழுப்பானது.

"புயல் கலக்குனதுல புதுத்தண்ணி அடிவரைக்கும் போயிருக்கு மதார்! கீழ மூச்சு இருக்கு!" என்றார் அதிகாரி.

அடுத்த மாதம் கயிறு அசையவில்லை. தண்ணீர் வெள்ளை.

"வந்த காத்து அதுக்குள்ள தீந்துருச்சே. இனிக் கிருமிங்க காத்துக்குப் பதிலா தண்ணியில உள்ள நைட்ரேட் சத்தை எடுத்துத்தான் மூச்சு விடும். அதுல உள்ள நைட்ரஜனும் குமிழியாப் போயிரும்."

"மறுபடி புதுத்தண்ணி எப்ப சார் வரும்?"

"இன்னொரு புயல் வந்தாத்தான்."

வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மதார் கயிற்றைச் சுருட்டவில்லை.