ஊதாத சங்கு

"பத்து நிமிஷம் சார். சங்கு ஊதினப்புறம் பத்தே நிமிஷம் கேட்டைத் திறந்து வைங்க."

"முடியாது."

மில் மானேஜர் அழகியமணவாளன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. யூனியன் தலைவர் பெரியண்ணன் விடவில்லை.

"லால்குடி ரயில் லேட்டானா நாங்க என்ன பண்றது? எறங்கித் தள்ளவா?"

"முந்தின ரயில்ல வாங்கோ."

"அந்த ரயிலுக்குக் கோழியே எந்திரிக்காது சார்! சரி, அஞ்சு நிமிஷம்."

"இது மில் ஓய். பேரம் பேச காந்தி மார்க்கெட் கத்தரிக்காயா?"

"ரெண்டு?"

"மெட்ராஸ் ஹெட் ஆபீஸ் ரூல். சங்கு ஊதினா கேட்டை மூடணும். அரை நிமிஷம்கூடத் தரமாட்டேன்."

பெரியண்ணன் மேஜையில் ஓங்கித் தட்டினார். "இன்னும் ஒரு நாள் லேட்டானா வெள்ளையம்மாளுக்கு வேலை போயிடும் சார்! புருஷன் இல்லாதவ. புள்ளைங்க சின்னது."

"ரூல்னா ரூல். போயிட்டு வாங்கோ."

வெளியே வந்தவர் மில்லே கேட்கக் கத்தினார். "நெத்தியில நாமம் பெரிசாத்தான் இருக்கு. நெஞ்சு கருங்கல்லு!"

மறுநாள் பார்த்து ரயில் லேட்.

டவுன் ஸ்டேஷனில் இறங்கிய கூட்டம் விழுந்தடித்து ஓடியது. தூக்குச்சட்டி இடுப்பில் இடிக்க, முன்னால் வெள்ளையம்மாள்.

"மணி ஆயிடுச்சுண்ணே! என் வேலை போச்சு!"

"அப்புறமா அழுவு, இப்ப ஓடு!" பின்னாலேயே ஓடிவந்தார் பெரியண்ணன்.

மில் வந்தது. கேட் திறந்திருந்தது! சங்கு இன்னும் ஊதவே இல்லை.

கேட் ஓரத்தில் மானேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் குதித்துக்கொண்டிருந்தார். எதிரே தலை குனிந்தபடி பாய்லர்க்காரர் வீரமலை.

"ஏன்யா இன்னும் ஊதலை? தூங்கினியா?"

"ஆவி ஏறலை சார்."

"நீயெல்லாம் ஒரு பாய்லர்க்காரன்! போய்யா, போய் ஊது!"

கடைசி ஆளும் உள்ளே வந்த பிறகுதான் வீரமலை நகர்ந்தார். சங்கு ஊதியது.

"சமயபுரத்தாளே!" வெள்ளையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். ஆனந்தத்தில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மத்தியானம் பெரியண்ணன் பாய்லர் அறைக்கே போய் வீரமலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளு மூஞ்சில கரியைப் பூசிட்டியே! என்னா குதி குதிச்சாரு! சாயங்காலம் கேட் மீட்டிங்ல உனக்குத்தான்யா மாலை!"

வீரமலை நெளிந்தார். "மாலையெல்லாம் வேணாம்ணே. ஆவி விடியக்காலையிலேயே ஏறிடுச்சு."

"தெரியும்யா! வேணும்னுதானே ஊதாம இருந்தே?"

"நான் எங்கண்ணே? நேத்து சாயங்காலம் அவரேதான் இங்க வந்தாரு. 'லால்குடி கூட்டம் உள்ள வர்ற வரைக்கும் சங்கைத் தொடாதே. சலுகைன்னா ஹெட் ஆபீஸ் ஆயிரம் கேள்வி கேக்கும். ஆவி ஏறலைன்னா யாரு கேப்பா?'ன்னாரு. அப்புறம், 'எல்லார் எதிர்லயும் உன்னைத் திட்டுவேன், சிரிச்சுக் காட்டிக் கொடுத்துடாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சிட்டுப் போனாருண்ணே!"