மூன்றாவது கேப்டன்

“இவனையா கேப்டனாக்கப் போறீங்க? துப்பாக்கி வெடிச்சா காதைப் பொத்திக்கிறவன்யா இவன்” என்றார் ஜெரமையா.

வைக்கோல் கொட்டகையில் கூடியிருந்த தொண்டர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. திட்டு வாங்கிய ஃபின்பார் தொப்பியைக் கையில் உருட்டியபடி நின்றான்.

அயர்லாந்தின் கார்க் கிராமப்புறத்தில் ஆங்கிலேயப் படையோடு மல்லுக்கட்டும் ‘கம்பெனி’ என்ற சிறு படைப்பிரிவு அது. ஆறே மாதத்தில் இரண்டு கேப்டன்களைப் பறிகொடுத்திருந்தது. தங்கள் கேப்டனைத் தொண்டர்களே கை தூக்கித் தேர்ந்தெடுப்பதுதான் அந்த ஐரிஷ் படையில் வழக்கம். அதை நடத்திவைக்க, ஞாயிறு பூசை முடிந்த கையோடு வந்திருந்தான் கமாண்டன்ட் ஆம்ப்ரோஸ். அந்தப் பக்கத்துக்குப் புதியவன். பிடிபட்டால் யாரையும் காட்டிக்கொடுக்கும்படி ஆகிவிடக் கூடாதென்று, அவர்கள் குடும்பப் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை, அவனும் கேட்டுக்கொள்வதில்லை.

“வேற குறை ஏதாவது உண்டா பெரியவரே?”

“ஒண்ணா ரெண்டா? தூக்கத்துல உளறுவான். கோழி அறுக்கச் சொன்னா வயித்து வலின்னு படுத்துப்பான். பார்ட் இருக்கான், டெனிஸ் இருக்கான். யாரை வேணா போடுங்க. இவன் வேணாம் ஐயா.”

“போன மாசம் பாலத்துச் சண்டையில அடிபட்டவங்களைத் தோள்ல தூக்கிட்டு வந்தது யாரு?” என்று கேட்டான் ஆம்ப்ரோஸ்.

ஜெரமையா வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஃபின்பார்தான் ஐயா” என்றான் டெனிஸ் தயங்கியபடி. “இருந்தாலும், அவர் சொல்றதையும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.”

ஆம்ப்ரோஸுக்கு எரிச்சலாக இருந்தது. ராணுவ லாரிக்கே பயப்படாதவர்கள், ஒரு கிழவரின் வாய்க்குப் பயந்து தலையைக் குனிந்துகொள்கிறார்களே. யாரோ ஒருவருடைய பொறாமைக்காக நல்ல வீரனை ஒதுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

“நீ என்னப்பா சொல்றே?”

“எனக்குச் சம்மதம்தான் ஐயா” என்றான் ஃபின்பார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“அப்புறமென்ன? உங்க எல்லார் உயிரும் கேப்டன் கையில இருக்கு. இருக்கறதுல நல்ல ஆள் யாருன்னு உங்களுக்கே தெரியும். பிடிச்சவன் பிடிக்காதவன்னு பார்க்காம கையைத் தூக்குங்க.”

ஒவ்வொரு கையாக மெல்ல உயர்ந்தது. டெனிஸ் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினான். ஜெரமையாவின் கைகள் மட்டும் மடியிலேயே கிடந்தன.

ஆம்ப்ரோஸ் புதிய கேப்டனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். நியாயமான காரியத்தைச் செய்துவிட்ட நிறைவு அவனுக்கு.

ஃபின்பார் நேராக ஜெரமையாவிடம் போனான். ஆள் கோபத்தில் கை நீட்டிவிடுவானோ என்று ஆம்ப்ரோஸ் ஓரடி முன்னால் வந்தான். ஃபின்பாரோ அவர் காலடியில் குந்தி, அவருடைய கோட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான்.

“அப்பா, எழுந்திருங்க. அண்ணனுங்க ரெண்டு பேரும் கேப்டனானப்ப நீங்கதான் போய் அம்மாகிட்ட சொன்னீங்க. இந்தத் தடவை நான் சொல்லிக்கிறேன்.”