பேர் இல்லாத தவலை

"இந்தப் பேரை அழிச்சுக் குடுங்க பாய்."

தேவகி பையிலிருந்து பித்தளைத் தவலையை எடுத்து பாத்திரத்தில் பேர் எழுதும் ஃபக்ருதீனின் வாசலில் வைத்ததும் அவருக்குத் திக்கென்றது.

தவலையின் தோளில் 'பிரியங்கா' என்றிருந்தது. ஒன்றரை வருஷத்துக்கு முன், கல்யாணச் சீருக்காக அவரே உப்புத் தண்ணீரும் பேட்டரி சார்ஜரும் வைத்து எழுதிய பேர்.

தேவகிக்கு ஒரே மகள் பிரியங்கா. குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு போய்விட்டாள். ஆறு மாசம்கூட முழுசாக ஆகவில்லை.

"இது உம் பொண்ணு பேரும்மா."

"ஆங். தெரியும் பாய்."

"அழிச்சுட்டு யார் பேரைப் போடணும்?"

"யார் பேரும் வேணாம். வெறுசா இருந்தாப் போதும்."

விற்கத்தான் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. பேர் போட்ட பாத்திரத்தை யார் வாங்குவார்கள்?

"சுலபம் இல்லம்மா. பித்தளையை அரிச்சுத்தான் எழுதினேன். அழிக்கணும்னா, எழுத்தைச் சுத்தி இருக்கறதையும் அதே ஆழத்துக்கு அரிக்கணும். பேர் போயிடும். ஆனா லேசா ஒரு பள்ளம் நிக்கும்."

"பள்ளம் பரவால்ல பாய்."

ஃபக்ருதீன் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டார். எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக நகப்பூச்சைத் தடவினார்.

"அழிக்கச் சொன்னா, அது மேலயே பூசறீங்களே?"

"பூசினாத்தான் எழுத்து இன்னும் ஆழமாப் போகாது. சுத்தி இருக்கறது மட்டும் கரைஞ்சு அதுக்குச் சமமா எறங்கும்."

சார்ஜரின் சிவப்புக் கிளிப்பைத் தவலையின் விளிம்பில் மாட்டினார். கறுப்புக் கிளிப்பை, பஞ்சு சுற்றிய கம்பியில். பஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்து, சுவிட்சைப் போட்டு ஒற்றினார். 'சுர்'ரென்று பச்சையாய் நுரைத்தது.

"தள்ளி உக்காரும்மா. இந்த ஆவி நெஞ்சுக்கு ஆகாது. அதான் வெளிய வெச்சு செய்யறேன்."

தேவகி நகரவில்லை. நுரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

பஞ்சு மாற்ற உள்ளே போனவரிடம் மனைவி ரஹிமுன்னிசா கிசுகிசுத்தாள். "பெத்தவளாங்க இவ? பொதைச்ச மண்ணு ஈரம்கூடக் காயல. பாத்திரத்தைத் தூக்கிகினு வந்துட்டா!"

அவருக்கும் அதேதான் மனசில் குமைந்தது.

வெளியே வந்து ஒற்றி முடித்ததும் சுவிட்சை அணைத்து, கிளிப்புகளைக் கழற்றி, தவலையை நல்ல தண்ணீரில் கழுவினார். நகப்பூச்சைத் துடைத்தார். பிரியங்கா இல்லை.

தேவகி அந்தப் பள்ளத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலியே பாய்? படிக்க வராதே?"

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"கோச்சுக்காதம்மா. எந்தக் கடையில போடப் போற? எங்கிட்டயே குடுத்துடு. உம் பொண்ணு ஞாபகமா எங்க வீட்லயாவது இருக்கட்டும்."

"விக்கறதுக்கு இல்ல பாய்." அவள் நிமிரவில்லை. "எங்க மாப்பிள்ளைக்கு அடுத்த வாரம் மலைக் கோயில்ல மறு கல்யாணம்."

"அதுக்குள்ளயா?"

"மூத்தவ சாமான் ஒண்ணுகூட வீட்ல இருக்கக் கூடாதுன்னு புதுப் பொண்ணு வீட்ல சொல்லிட்டாங்க. போட்டோ, புடவை, பாத்திரம், எல்லாத்தையும் மூட்டை கட்டி எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாரு. கொழந்தையை மட்டும் தர மாட்டேன்னுட்டாரு."

"நீ போய்ப் பாத்துட்டு வரலாம் இல்ல?"

"நானும் வரக் கூடாதாம். அது வளந்தாலும் நான் யாருன்னு சொல்ல மாட்டாங்களாம்."

ஃபக்ருதீன் கையுறையைக் கழற்றினார். கதவோரம் ரஹிமுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவகி தவலையைப் பழைய துண்டில் சுற்றினாள். பச்சைப் பிள்ளையைச் சுற்றுவதுபோல.

"மாப்பிள்ளை கால்ல விழுந்தேன் பாய். கடையில புதுசா வாங்கினேன்னு சொல்லி இது ஒண்ணை மட்டும் வெச்சுக்கறேன்னாரு. எம் பேத்தி குளிக்க, அவ அம்மா தவலையில தண்ணி காயட்டும். பேர் இருந்தாத்தானே பாய், வெளிய தொரத்துவாங்க?"