ஒரு சாண் கூடுதல்

மருத்துவமனையில் சேர இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருந்தது. சாப்பிட மறுத்து இளைப்பவர்களுக்கான உணவுக் கோளாறுப் பிரிவில், பாதுகாப்பு கருதி, கயிறு வைத்த உடைகள் கூடாதாம். தங்கை மிதுலாவின் சுடிதார் பேண்ட்டுகளிலிருந்து நாடாவை உருவி, எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தாள் சுகந்தி. உருவிய நாடாவில் முடிச்சு விழுந்த தடங்கள், இடுப்பு இளைக்க இளைக்க, மாதத்துக்கு ஒன்றாக உள்நோக்கி நகர்ந்திருந்தன. சட்டென்று அதைச் சுருட்டி மறைத்துவிட்டு, எலாஸ்டிக்கை ஒரு சாண் கூடுதலாக வெட்டினாள்.

“இவ்ளோ நீளம் எதுக்குக்கா? யானைக்கா தைக்கிற?”

“உள்ள மடிச்சு விடுறேன்டி. உடம்பு தேறத் தேறப் பிரிச்சுக்கலாம்.”

மிதுலா ஊக்கை வாங்கி, அந்தக் கூடுதல் நீளத்தைத் தானே மடித்துக் குத்தினாள். பிறகு, தலை நிமிராமல் சொன்னாள்.

“ஒரு வருஷமா பசிக்கலைன்னு சொன்னதெல்லாம் பொய்க்கா. தினமும் பசிச்சுது.”