வேண்டாத ஓவன்

"என்னங்க, வேண்டாம்னு நாம கேன்சல் பண்ணின ஓவன் வந்து நிக்குது! பணம்கூடத் திரும்பி வந்தாச்சே!"

கூடத்தில் பெட்டியைக் கண்டதும் கணவனின் முகம் மலர்ந்தது. "வலிய வர்ற சீதேவியை யாராவது எட்டி உதைப்பாங்களா? பேசாமப் பிரி."

"அடுத்தவங்க பொருள் நமக்கு எதுக்குங்க? திருப்பிக் கொடுத்துடலாம்."

"போடி, எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு." காபியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கடையின் புகார் எண்ணுக்கு போன் போட்டாள்.

"வணக்கம் மேடம், சொல்லுங்க" என்றது தேனொழுகும் குரல் ஒன்று.

விஷயத்தைச் சொன்னாள். "மூச்சுக் காட்டாம வச்சுக்கலாம்னு என் வீட்டுக்காரர் சொல்றார் சார். வச்சுக்கலாமா?"

எதிர்முனை இருமியது. "அது... தப்புங்க மேடம். கேன்சல் ஆனப்புறம் வந்தா அது கடைப் பொருள்தான். பிரிக்காம வைங்க. எங்க ஆளுங்களே வந்து எடுத்துக்குவாங்க, உங்களுக்கு ஒரு செலவும் இல்லை."

"அவர்கிட்டயும் இதைச் சொல்லிடட்டுமா சார்?"

"சொல்லுங்க மேடம். உங்க நேர்மைக்கு நன்றி."

அவள் போனை வைத்ததுதான் தாமதம், அறைக் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் ஹெட்போனோடு கணவன் நின்றான்.

"ஏண்டி, அந்தக் கடைக்கு வர்ற புகாரையெல்லாம் வீட்ல உக்காந்து கேக்கறது நான் ஒருத்தன்தான்னு உனக்குத் தெரியாதா? பேசறதெல்லாம் ரெக்கார்டு வேற ஆகுது!"

"தெரிஞ்சுதானே பண்ணேன்" என்று சிரித்தாள். "வேலை நேரத்துலதாங்க நீங்க ரொம்ப நல்லவர்!"