ம் கொட்டாத வீடு

கணினிகள் ஒன்றோடொன்று பேச சபேசன் எழுதிக்கொடுத்திருந்த விதி எளிமையானது: ஒரு செய்தியை அனுப்பினால், எதிர்ப்பக்கம் 'ம்' சொல்லும்வரை அடுத்ததை அனுப்பக் கூடாது. அன்று மதியம் இரண்டு கணினிகள் ஒன்றின் 'ம்'முக்காக மற்றொன்று காத்துக் கல்லாய்ச் சமைந்துவிட்டன. ஒன்றைத் தட்டி எழுப்பிவிட்டு, கோட்டையைப் பிடித்தவன் போல வீடு திரும்பினான்.

மனைவி ஆதிரை அவனோடு பேசி நான்கு நாளாகிறது. கதவைத் திறந்தவன் திகைத்தான். அவள் சொல்லாமல் விட்ட வாக்கியங்கள் எல்லாம் ரேஷன் கடையில் நிற்பதைப் போலக் கூடத்தில் வரிசையாக நின்றன. முதலில் கேஸ் தீர்ந்த செய்தி. அடுத்து அவள் அண்ணனின் ஆபரேஷன். வரிசையின் கடைசியில், பால்கனி ஓரமாக, ஒரு சின்ன வாக்கியம் அவளுடைய பயணப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி முதுகைக் காட்டி நின்றது.

"ஏன் இதெல்லாம் நின்னுட்டிருக்கு?" என்று சமையலறை வாசலில் நின்ற ஆதிரையிடம் கேட்டான்.

"நான் பேசறப்ப உங்ககிட்டேர்ந்து ஒரு 'ம்' வந்துச்சா? சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தா எதிரொலியாவது கேட்டிருக்கும்."

"நீயா பேசுவேன்னு நானும் காத்திட்டிருந்தேன்."

"மிஷினுக்கு விதி எழுதற மூஞ்சியப் பாரு!"

சபேசன் செல்போனை ஷூவுக்குள் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"ம்."

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்றாள் ஆதிரை.

"ம்."

வரிசை ஓரடி நகர்ந்தது. பால்கனி ஓரத்து வாக்கியம் கைப்பிடியை விடாமல், மெல்லத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தது.